வழு தோன்றும் வரியும் வழு பிறந்த வரியும்

கிளிநொச்சி என்னும் ஊர்ப்பெயரைக் கணினியில் இரண்டு வகையாகப் பதியலாம் என்பதும், அவ்விரண்டும் திரையில் சிறிதும் வேறுபாடின்றித் தோன்றும் என்பதும், செய்நிரல் எழுதப் பழகுவோர் பலர் அறியாத செய்தியாகும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண்களை வழங்கும் யுனிகோட் என்னும் பொதுக் குறியேற்றத்தில், 'நொ' என்பதை 'ந' என்பதன் குறியெண்ணோடு ஒகரக் குறிக்குரிய ஒற்றைக் குறியெண்ணைச் சேர்த்து எழுதலாம். அல்லது 'ந' என்பதைத் தொடர்ந்து எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இட்டும் எழுதலாம். முதல் முறையில் ஊர்ப்பெயர் 10 குறியெண்களால் ஆனது. இரண்டாம் முறையில் 11 குறியெண்களால் ஆனது. ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அவ்வூர்ப் பாடசாலைகளைப் பட்டியலிடும் பைதன் மொழிச் செய்நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஊர்ப்பெயர்கள் 'அகராதி' என்னும் தரவுக் கட்டமைப்பில் சாவிகளாகவும், பாடசாலைகள் அச்சாவிகளுக்குரிய பெறுமானங்களாகவும் இருக்கும். சாவி முதல் முறையிலும் பயனர் தட்டச்சிடும் பெயர் இரண்டாம் முறையிலும் அமைந்துவிட்டால், அப்படியொரு சாவி அகராதியில் இல்லை என்று அறிவித்துவிட்டுச் செய்நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். செய்நிரலை எழுதிய மாணவர் அகராதியைத் திறந்து பார்த்தால் பெயர் அங்கே இருக்கும். மீண்டும் இயக்கினால் அதே அறிவிப்பு வரும்.

கணினி பொய் சொல்லவில்லை. இரண்டு சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒப்பிடும்போது பைதன் அவற்றின் குறியெண் வரிசைகளையே ஒப்பிடுகிறது; எழுத்துருவின் துணையால் திரையில் உருவாகும் வடிவத்தை அது அறியாது. இதில் மேலும் குழப்பம் தருவது, இதே பெயரை ஒரு மாறியின் பெயராக வைத்தால் வழு எதுவும் நேராது என்பதாகும். 2008-ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான பைதன் 3 முதற்கொண்டு தமிழிலேயே மாறிகளுக்குப் பெயரிடலாம். அத்தகைய பெயர்களைப் பைதன் படிக்கும்போதே யுனிகோட் விதிகளின்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மேற்கோள் குறிகளுக்குள் வரும் சரங்களையோ அது தொடுவதில்லை. ஆகவே செய்நிரலின் ஓரிடத்தில் ஒன்றாகக் கருதப்படும் இரு வடிவங்கள், இன்னோரிடத்தில் வெவ்வேறாகக் கருதப்படுகின்றன.

இரண்டாம் வடிவம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை உண்டு. இலங்கையில் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த ஒன்றாகும். அதில் கொம்பு, மெய்யுரு, கால் என்பவை கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தனித்தனியாகத் தட்டச்சிடப்படும். அத்தகைய பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும் கருவி கவனமின்றி எழுதப்பட்டிருந்தால், கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் விட்டுவிடும். சில விசைப்பலகை அமைப்புகளும் அவ்வாறே செய்கின்றன. அலுவலகத்தின் பழைய பட்டியலொன்றும் புதிதாகத் தட்டச்சிட்ட பட்டியலொன்றும் ஒரே செய்நிரலில் சந்திக்கும்போது கிளிநொச்சியும் கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் காணாமற்போக, பரந்தனும் மாங்குளமும் வவுனியாவும் எந்தச் சேதமுமின்றித் தப்பிவிடும். ஏனெனில் பின்னைய பெயர்களில் இவ்வகை உயிர்க்குறி இல்லை. பரந்தன் என்னும் பெயரை மட்டும் வைத்துச் சோதித்த மாணவர், தமது செய்நிரல் சரியானது என்றே முடிவுசெய்வார்.

செய்நிரல் வழுக்களைப் பாடநூல்கள் மூன்றாக வகுக்கின்றன: மொழியின் இலக்கணத்தை மீறும் தொடரியல் வழு, இலக்கணம் சரியாக இருந்தும் இயங்கும்போது இடைமுறியச் செய்யும் இயக்கநேர வழு, தடையின்றி இயங்கியும் தவறான விடையைத் தரும் தருக்க வழு. இப்பகுப்பு பரீட்சைக்குப் போதுமானது. வழுவைத் திருத்த முற்படுபவருக்கு இதைவிடப் பயன்படும் வேறுபாடு ஒன்று உண்டு. அது வழு பிறந்த இடத்துக்கும் அது வெளிப்பட்ட இடத்துக்கும் இடையிலான தொலைவாகும். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பியிருக்கும் பரந்தன் வயலொன்று வறண்டு கிடப்பதைக் கொண்டு அந்த வரம்பிலேயே குற்றம் தேடுவதில் பயனில்லை. உடைப்பு வாய்க்காலின் மேற்பகுதியில் எங்கோ இருக்கலாம். செய்நிரலைப் படித்து இயக்கும் மொழிபெயர்ப்பான் தருகின்ற வரி எண் வயலைச் சுட்டுவது. வழுவின் காரணத்தை ஆராயும் கண்டறிகருவி வாய்க்கால் வழியே மேலேறிச் சென்று உடைப்பைத் தேடுவது. 'அப்படியொரு சாவி இல்லை' என்ற செய்தி தேடல் நடந்த வரியைக் காட்டுகிறதே தவிர, வேறு வடிவத்தில் பெயரை உள்ளே கொண்டுவந்த வரியைக் காட்டுவதில்லை.

அத்தகைய கண்டறிகருவிகளுட் பெரும்பாலானவை கட்டளை வரியில் இயங்குவன. கட்டளை வரி என்பது சாளரங்களும் பொத்தான்களும் இன்றி, தட்டச்சிட்ட சொற்களாலேயே கணினியை ஏவும் முறையாகும். செய்நிரல் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கருவியை அழைத்தால், அது கோப்பைப் படித்துத் தன் முடிவை எழுத்துகளாகத் திரையில் இடும். முடியும்போது பணிசெயல் முறைமைக்கு ஓர் எண்ணையும் திருப்பியளிக்கும். அவ்வெண் பூச்சியமானால் குறையில்லை என்றும், வேறெண்ணானால் குறையுண்டு என்றும் கொள்வது யுனிக்ஸ் மரபு. இதனால் ஒரு கருவியின் முடிவை இன்னொரு கருவி அறிந்து செயற்பட முடிகிறது; நாற்பது மாணவரின் ஒப்படைகளை ஒரே கட்டளையால் சோதிக்கவும் முடிகிறது. பழைய கணினியிலும், இணையம் விட்டுவிட்டு வரும் இடத்திலும், இத்தகைய கருவி குறையின்றி இயங்கும் என்பது வன்னியின் பாடசாலைகளுக்குச் சிறிய நன்மையன்று.

வழுவறிவிப்பு கற்பவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் கணினிக் கல்வியோடு சேர்ந்தே வளர்ந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் உருவான வாட்ஃபோர் என்னும் ஃபோர்ட்ரான் தொகுப்பான், மாணவர் செய்நிரல்களை விரைவாகத் தொகுப்பதையும் விளங்கும்படியான வழுச்செய்திகளைத் தருவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கான்வேயும் தோமஸ் வில்காக்ஸும் உருவாக்கி 1973-இல் விவரித்த பி.எல்./சி. தொகுப்பான் அதற்கும் அப்பால் சென்று, தான் கண்ட பிழையைத் தானே திருத்திக்கொண்டு செய்நிரலைத் தொடர்ந்து இயக்க முயன்றது. துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலத்தில், ஓர் அரைப்புள்ளி விடுபட்டதற்காக மாணவர் ஒரு முழு முறையை இழப்பது பெரிய தண்டனையாக இருந்தமையால், அந்த முயற்சி நியாயமானதே. ஆயினும் எழுதியவரின் உள்ளக்கருத்தைக் கருவி தவறாக ஊகித்துவிட்டால், மாணவர் எழுதாத ஒரு செய்நிரலின் விடையே அவருக்குக் கிடைக்கும். திருத்தத்தைக் கருவி முன்மொழிய வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் எழுதியவரிடம் இருக்க வேண்டும் என்ற இன்றைய வழக்கமே கற்பவருக்கு நல்லது.

பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் 1978-இல் எழுதிய 'லின்ட்' தனிக் கண்டறிகருவிகளின் முன்னோடி. சி மொழியின் தொகுப்பான் விரைவாக இயந்திர மொழியை ஆக்குவதில் கருத்தூன்றியது. இலக்கணப்படி சரியாக இருந்தும் ஐயத்துக்குரியவையான வரிகளை, பெறுமானம் வழங்காமலே பயன்படுத்திய மாறி, எந்நாளும் இயங்காத பகுதி முதலியவற்றை, செய்நிரலை இயக்காமல் படித்தே எடுத்துக்காட்டும் பணி லின்டுக்கு விடப்பட்டது. இன்று எந்த மொழியை எடுத்தாலும் அவ்வகைக் கருவி ஒன்றேனும் உண்டு.

பைதன் மொழியில் நேர்ந்த மாற்றத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஒரு வரியில் திறந்த அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டால், பழைய பைதன் அதற்கடுத்த வரியைக் குறைகூறி, தொடரியல் செல்லாது என்று மட்டும் சொல்லும். மூடும் குறியை எதிர்பார்த்து அடுத்த வரிக்குள் நுழைந்து, அங்கே பொருந்தாத சொல் ஒன்றைக் கண்ட பிறகே அது தடுமாறியது என்பதுதான் காரணம். குற்றமற்ற அந்த இரண்டாம் வரியைப் பல முறை அழித்து அழித்து எழுதும் நிலை மாணவருக்கு ஏற்படும். 2020 அக்டோபரில் வெளியான 3.9 பதிப்பில் பைதனின் இலக்கணப் பகுப்பான் முற்றிலும் புதிதாக மாற்றப்பட்டது. ஓரிடத்தில் தோற்றால் பின்னோக்கிச் சென்று வேறு விதிகளையும் முயன்று பார்க்கும் அப்புதிய முறையின் துணையோடு, 2021 அக்டோபரின் 3.10 பதிப்பு, எந்த வரியில் எந்த அடைப்புக்குறி திறந்து மூடப்படாமல் கிடக்கிறது என்பதையே நேராகச் சொல்லத் தொடங்கியது. 2022-இன் 3.11 பதிப்பு, இயக்கநேர வழு நேரும்போது வரியை மட்டுமன்றி, அவ்வரிக்குள் வழுவுக்குக் காரணமான கோவையையும் அடிக்கோடிட்டுக் காட்டியது.

3.10 பதிப்பு இன்னொன்றையும் தந்தது: தெரியாத பெயரைக் கண்டால், 'இதனையா கருதினீர்கள்' என்று நெருங்கிய பெயரைக் கேள்வியாக முன்வைப்பது. நெருக்கத்தை அளக்கும் முறை, சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவென்ஷ்டெய்ன் 1965-இல் முன்வைத்த தொலைவுக் கணிப்பிலிருந்து வந்தது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதே அத்தொலைவு. ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இடம்மாறுவது அடிக்கடி நேரும் தவறு என்பதால், அதற்குப் பைதன் மற்ற மாற்றங்களைவிடக் குறைந்த விலையை வைத்திருக்கிறது. இங்கே தமிழுக்கு ஓர் இடைவெளி உண்டு. 'மழைவீழ்ச்சி' என்ற மாறியை 'மழைவீழ்சி' என்று தட்டச்சிட்டவர் விட்டது ஓரெழுத்து. கணினியின் கணக்கில் அது இரண்டு குறியெண்கள், யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஆறு பைட்டுகள். ல, ள, ழ ஒன்றுக்கொன்று மாறுவதும், ர, ற மாறுவதும், ந, ன, ண மாறுவதும் தமிழ் எழுதுவோரிடம் மிகுதியாக நேர்பவை. ஆங்கிலத்தின் எழுத்துநிலை மாற்றத்துக்கு அளித்த சலுகையை இம்மாற்றங்களுக்கும் அளித்து, தொலைவைத் தமிழ் எழுத்துகளாலேயே அளக்கும் கருவி, தமிழில் பெயரிடும் மாணவருக்கு மிகச் சரியான ஊகங்களைத் தரும். சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் சார்புகள் 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறந்த மூல நிரலகத்தில் ஏற்கெனவே உள்ளன. பாமினி போன்ற பழைய குறியேற்றங்களை மாற்றும் வசதியும் அதில் உண்டு.

வழுச்செய்தியை யாரும் படிப்பதில்லை என்ற பேச்சு செய்நிரலாளரிடையே பரவலாக உண்டு. ஆனால் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் 56 பேரின் கண்ணசைவைக் கருவிகளால் பதிவுசெய்து, அவர்கள் பணிநேரத்தில் 13 முதல் 25 சதவீதம் வரை வழுச்செய்திகளைப் படிப்பதிலேயே செலவிட்டதைக் கண்டனர். அச்செய்திகளைப் படிப்பது செய்நிரலைப் படிப்பதற்கு நிகரான கடினமுடையது என்பதும் அவ்வாய்வின் முடிவு. அதேவேளை செய்தியை விரித்து எழுதினால் மட்டும் போதும் என்று நம்புவதற்கும் இடமில்லை. நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் 2014-இல் நடந்த ஆய்வொன்றில், விளக்கமான செய்திகளைப் பெற்ற மாணவர்கள் ஏனையோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறவில்லை. வேறு ஆய்வுகள் பயன் உண்டு என்று கண்டன. நீண்ட செய்தி நல்ல செய்தியாகிவிடாது என்பதே இவற்றிலிருந்து துணிந்து சொல்லத்தக்கது. மாணவர் அந்தக் கணத்தில் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் செய்தி ஒரு வரியில் அமைந்தாலும் பயன் தரும்.

செய்தியின் மொழியும் இதனோடு சேர்ந்த விடயம். ஃபிலிப் குவோ 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 86 நாடுகளைச் சேர்ந்த, 74 தாய்மொழிகளைப் பேசும் 840 பேர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் செய்நிரல் கற்பதிலுள்ள தடைகளை எழுதித் தந்தனர். படிப்பதும், எழுதுவதும், உதவி கேட்பதும், ஆங்கிலத்தையும் செய்நிரலையும் ஒரே வேளையில் கற்பதும் அவற்றுள் இடம்பெற்றன. பரந்தனிலோ விசுவமடுவிலோ முழங்காவிலிலோ க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழ் மொழிமூலம் கற்கும் மாணவருக்குப் பாடவிதானத்திலேயே பைதன் உண்டு. பாடநூல் தமிழில் இருக்கிறது, ஆசிரியர் தமிழில் கற்பிக்கிறார், பரீட்சை வினாத்தாளும் தமிழில் வருகிறது. ஆனால் செய்நிரல் தவறிய கணத்தில், உதவி மிகுதியாக வேண்டிய அந்தக் கணத்தில், பைதன் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறது. ஏ-9 வீதியில் பரந்தனுக்குத் தெற்கே, கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அதன் கணினிப் பொறியியற் துறையும் இயங்குகின்றன. அங்கு நுழையும் மாணவர் ஆங்கில மொழிமூலக் கல்விக்கு மாறிக்கொள்கின்றனர். அவ்வாசலை எட்டுவதற்கு முன்பே, புரியாத செய்தியின் முன் சோர்ந்து பாடத்தைக் கைவிடுபவர்களுக்கு அந்த மாற்றம் உதவுவதில்லை.

வேற்றுமொழி விளக்கம் இயலாத காரியமன்று என்பதற்கு, கனடாவின் ஆந்திரே ரொபேர்ஜ் உருவாக்கிய 'ஃபிரெண்ட்லி' என்னும் பைதன் கருவி சான்று. செய்நிரல் முறியும்போது வழக்கமான செய்தியை அச்சிடும் பொறுப்பைப் பைதன் வேறொரு சார்பிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. அந்த இடத்தில் தன்னைப் பொருத்திக்கொள்ளும் இக்கருவி, வழுவின் வகையையும், அவ்வேளையில் மாறிகள் தாங்கியிருந்த பெறுமானங்களையும், அழைக்கப்பட்ட சார்புகளின் வரிசையையும் ஆராய்ந்து, என்ன நடந்தது, எங்கே நடந்தது, ஏன் நடந்திருக்கலாம் என்று கற்பவர் கேட்கக் கேட்க விடை தருகிறது. விளக்க வாசகங்கள் தருக்கத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், பிரெஞ்சு உள்ளிட்ட வேறு மொழிகளிலும் அவற்றை வழங்க முடிகிறது.

தமிழில் வழுச்செய்தி என்று பேசும்போது 'எழில்' மொழியைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009-இல் ஆய்வுரையாக அறிமுகப்படுத்திய எழில், தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத வழிவகுத்தது. அதன் நிபந்தனைக் கூற்று பின்வருமாறு அமையும்:

@( மழை > 0 ) ஆனால்
    பதிப்பி "வயல் நனையும்"
இல்லை
    பதிப்பி "வாய்க்காலைத் திறக்கவும்"
முடி

நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வருவதால், கூற்று தமிழ் வாக்கிய ஒழுங்கிலேயே நிற்கிறது. இங்கும் 'முடி' என்ற சொல்லை எழுத மறந்தால், பகுப்பான் அதைத் தேடிக்கொண்டு கோப்பின் இறுதிவரை செல்ல நேரும். வழு பிறந்தது முதல் வரியில் தொடங்கிய பகுதியில், வெளிப்படுவது கோப்பின் கடைசியில். செய்நிரல் மொழியைத் தமிழாக்குவதால் இந்தத் தொலைவு குறைவதில்லை. எந்தப் பகுதி மூடப்படாமல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்து சொல்வது வேறு உழைப்பு. தமிழில் சொல்வது அதன் மேல் சேரும் உழைப்பு. இரண்டும் வேண்டியவை.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு முதலிற் கண்ட சாவி வழுவே போதிய சான்று. 'அப்படியொரு சாவி இல்லை' என்பதைத் தமிழில் எழுதிக் காட்டினாலும் மாணவர் முன்னிருந்த இடத்திலேயே நிற்பார். தமிழ் எழுத்தை அறிந்த கருவி இவ்விடத்தில் செய்ய வேண்டியது, கேட்ட சாவியையும் அகராதியிலுள்ள சாவிகளையும் யுனிகோடின் நியம வடிவத்துக்கு மாற்றி, பின்னர் ஒப்பிடுவதாகும். பைதனின் அடிப்படை நிரலகத்திலேயே அம்மாற்றத்துக்கான சார்பு உண்டு. மாற்றிய பின் இரண்டும் ஒன்றாகிவிட்டால், கருவி இவ்வாறு சொல்லலாம்: 'இப்பெயர் அகராதியில் உள்ளது, ஆனால் "நொ" அங்கே இரண்டு குறியெண்களாகவும், நீங்கள் தேடிய பெயரில் மூன்று குறியெண்களாகவும் எழுதப்பட்டுள்ளது, இரண்டையும் நியம வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுக.' இவ்விளக்கத்துக்குத் தேவைப்படும் செய்நிரல் இருபது வரிகளைத் தாண்டாது.

எல்லாத் தமிழ் வழுவும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. 'ஔவையார்' என்பதை ஔகாரத்தால் எழுதுவோரும் உண்டு, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடுவோரும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை யுனிகோட் விதிப்படி உண்மையாகவே வெவ்வேறு சொற்கள். எந்த நியமமாக்கலும் இவற்றை இணைக்காது, இணைக்கவும் கூடாது, ஏனெனில் 'ஒளி' என்ற சொல்லில் ஒகரமும் ளகரமும் தமக்குரிய இடத்தில் நிற்கின்றன. தமிழ் எண்குறி ஒன்றும் ககரமும், எட்டும் அகரமும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தோன்றும். சொற்செயலியிலிருந்தோ வாட்ஸப் செய்தியிலிருந்தோ படியெடுத்து ஒட்டிய செய்நிரலில் வளைந்த மேற்கோள் குறிகளும், அகலமேயில்லாத காணாக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். பைதனின் அண்மைப் பதிப்புகள் அவற்றின் யுனிகோட் எண்ணைச் சொல்லிவிடுகின்றன என்றாலும், அவ்வெண் எதைக் குறிக்கிறது என்பதை மாணவர் வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய இடங்களில் கருவி உறுதியாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஐயத்தை ஐயமாகவே முன்வைக்க வேண்டும். சரியாக எழுதிய வரிகளையும் தொடர்ந்து குறைகூறும் கருவியை மாணவர் ஓரிரு நாட்களில் நிறுத்திவிடுவர்; அதன்பின் அது சொல்லும் உண்மையும் எவர் காதிலும் விழாது.

எந்த வழுக்களுக்கு முதலில் விளக்கம் எழுதுவது என்பதை மேசையிலிருந்து ஊகிப்பதைவிட மாணவரிடமிருந்தே அறிவது மேல். பிரித்தானியாவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2013-இல் தொடங்கிய 'பிளாக்பொக்ஸ்' என்ற திட்டம், ஜாவா கற்போருக்கான புளூஜே என்னும் செய்நிரலாக்கச் சூழலில் நேரும் தொகுப்பு நிகழ்வுகளை, கற்போரின் இசைவோடும் பெயர் அறியாவண்ணமும் சேகரித்து ஆய்வாளர்களுக்கு வழங்கியது. தொடக்கநிலைக் கற்போரிடம் எந்தப் பிழை மிகுதி, எது திருந்த நெடுநேரம் எடுக்கிறது என்பன பற்றி ஆசிரியர்கள் கொண்டிருந்த ஊகங்கள், அத்தரவோடு ஒத்துப்பார்க்கப்பட்டபோது பலவிடத்துப் பொருந்தவில்லை. தமிழில் மாறிப்பெயர் வைத்து, தமிழ்ச் சரங்களைக் கையாளும் மாணவரின் வழுக்களையும் அதே கவனத்தோடு சேகரிப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அறிவியல் நகரிலும், 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், பாடசாலைக் கணினிக்கூடங்களிலும் மாணவர் இயக்கும் பைதன் ஒவ்வொரு முறை முறியும்போதும், பெயரையும் ஊரையும் நீக்கி, வழுவின் வகை, முறிந்த வரி, அடுத்த முயற்சியில் அவ்வரி பெற்ற மாற்றம் ஆகிய மூன்றை மட்டும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால், ஒரு கல்வியாண்டின் முடிவில் கருவி முதலிற் கற்க வேண்டிய வழுக்களின் பட்டியல், அவை எத்தனை முறை நேர்ந்தன என்ற வரிசையிலேயே கையில் இருக்கும்.